ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வீடு



ஆடி முடிந்து ஆவணி பிறக்கும் சமயத்தில் நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கல்லூரி விடுதிகளின் வாசலில் போய் நின்று பாருங்கள். தேனியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வரும் பிள்ளைகளோடு அப்பா, அம்மா, சித்தப்பா, பாட்டி என்று ஒரு பட்டாளமே வந்து இறங்கும். வாளி, மக், பாய், தலையணை, கொசுவலை, முறுக்கு டப்பா எல்லாம் கூடவே வரும். அறையில் மின்விசிறி ஓடுகிறதா, தண்ணீர் வருகிறதா என்று பார்த்து, வார்டனிடம் நாலு வார்த்தை பேசி, பிள்ளையின் கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்துவிட்டுத்தான் அவர்கள் ஊர் திரும்புவார்கள். அதே வாசலில், கூட வர யாருமில்லாமல், ஒரு பெட்டியோடு டாக்சியிலிருந்து இறங்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். விமானம் ஏறியதிலிருந்து சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள். சிலர் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள். சிலர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரே ஒரு பருவத்துக்கு வந்தவர்கள். இந்த மாதம் அவர்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பேசி முடித்ததும் உங்களிடம் ஓர் உதவியும் கேட்பேன்.

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் 46,878 பேர். 170 நாடுகளிலிருந்து வந்தவர்கள். நான்கில் ஒருவருக்கும் மேல் நேபாளத்துப் பிள்ளைகள். நாம் வெளியே அனுப்பும் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. 2024-இல் வெளிநாடுகளில் படித்த இந்திய மாணவர்கள் 13 லட்சத்துக்கும் மேல் என்றது வெளியுறவு அமைச்சகம். பொன்னேரியிலும் திருவள்ளூரிலும் ஆவடியிலும் ஒரு தெருவுக்கு ஒரு வீட்டிலாவது மெல்போர்னிலோ டொரண்டோவிலோ பெர்லினிலோ படிக்கும் பிள்ளை இருக்கிறது. அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டுப்பாருங்கள், பிள்ளை போன முதல் மாதம் எப்படிக் கழிந்தது என்று. இந்தப் பக்கத்தில் நான் எழுதப்போவது அத்தனையும் அவருக்குத் தெரியும்.

வெளிநாட்டுப் பிள்ளைகளை இங்கே வரவழைக்க நம்மிடம் ஏற்பாடுகள் உண்டு. மௌலானா அபுல் கலாம் ஆசாத் 1950-இல் நிறுவிய இந்தியக் கலாசார உறவுகள் கழகம் அன்றிலிருந்து ஆசிய, ஆப்பிரிக்க நாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து அழைத்து வருகிறது. 2018-இல் 'ஸ்டடி இன் இந்தியா' திட்டம் வந்தது. வெளிநாட்டு மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு நிறுவனத்திலும் அவர்களுக்கென்று ஓர் அலுவலகம் இருக்க வேண்டும் என்று 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. அலுவலகம் வேண்டியதுதான். அதற்கு உண்டான வேலையே மலைபோல் இருக்கிறது.

எப்படிப்பட்ட வேலை என்று கொஞ்சம் பார்ப்போம். 180 நாளுக்கு மேல் செல்லும் மாணவர் விசாவில் வந்தவர், இறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். முன்பு இதற்காகச் சென்னை ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனுக்கு நடையாய் நடக்க வேண்டியிருந்தது. 2018-க்குப் பிறகு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துக்குக் கல்லூரியின் சான்றிதழ் வேண்டும், தங்குமிடச் சான்று வேண்டும். வங்கிக் கணக்குக்குப் பாஸ்போர்ட், விசா, சேர்க்கைக் கடிதம் வேண்டும். இங்குள்ள முகவரிச் சான்றை 30 நாளுக்குள் வங்கியில் கொடுத்தாக வேண்டும். வங்கிக்காரர் செல்போன் எண் கேட்பார். சிம் கார்டு விற்பவர் உள்ளூர் முகவரியும் தெரிந்தவர் ஒருவரின் எண்ணும் கேட்பார். ஆதார் இல்லாத ஒருவருக்கு இந்த ஊரில் எந்த வாசலும் முதல் தட்டில் திறப்பதில்லை. ஓ.டி.பி. வராத போனை வைத்துக்கொண்டு ரயில் டிக்கெட் எடுக்க முடியாது, ஆட்டோ கூப்பிட முடியாது, சாப்பாடு வரவழைக்க முடியாது.

ஒரு டீக்கடைக் காட்சியைச் சொல்கிறேன். ஆவடி ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. ஆப்பிரிக்க மாணவன் ஒருவன் டீ குடித்துவிட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினான். சில்லறை இல்லை என்று கடைக்காரர் கண்ணாடி மேல் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டையைக் காட்டினார். அவன் போனில் அது வேலை செய்யாது. வந்து சில நாள்தான் ஆகிறது, கணக்கு இன்னும் திறக்கவில்லை. இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். அவன் நோட்டைக் கல்லாவில் வைத்துவிட்டு, மீதியை வாங்காமலே நகரப் பார்த்தான். கடைக்காரர் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, நோட்டைத் திருப்பிக் கொடுத்து, நாளைக்குக் கொடுக்கலாம் என்று சைகை காட்டி அனுப்பினார். அந்தப் பெரியவரை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால், தெரியாத ஊரில் ஒரு டீயின் விலைக்குள் எவ்வளவு கூச்சமும் பயமும் அடங்கியிருக்கிறது என்பதையும் அன்று அந்தப் பையனின் முகத்தில் பார்த்தேன்.

இதையெல்லாம் சமாளிக்கச் சக மாணவர் துணை என்று ஒரு வழி உலகமெங்கும் இருக்கிறது. ஐரோப்பாவில் 1987-இல் எராஸ்மஸ் பரிமாற்றத் திட்டம் தொடங்கியது. இரண்டு ஆண்டு கழித்து, அதில் போய் வந்த மாணவர்களே சேர்ந்து எராஸ்மஸ் மாணவர் வலையமைப்பு என்று ஒன்றை உருவாக்கினார்கள். புதிதாக வருகிறவருக்கு உள்ளூர் மாணவர் ஒருவரை ஜோடி சேர்த்து விடுவார்கள். அவர் விமான நிலையத்துக்குப் போய் அழைத்து வருவார், அறையைக் காட்டுவார், கூடவே வங்கிக்குப் போவார். நம் கல்லூரிகள் சிலவற்றிலும் இப்போது இது நடக்கிறது. நல்ல ஏற்பாடு. திங்கள் முதல் வெள்ளி வரை இதற்கு மேல் தேவையில்லை.

வெள்ளி சாயங்காலம் ஆனதும் துணைக்கு இருந்த பையன் பையைத் தூக்கிக்கொண்டு கோயம்பேட்டுக்கோ கிளாம்பாக்கத்துக்கோ பஸ் பிடிக்கக் கிளம்பிவிடுவான். அவனுக்கும் ஊர் இருக்கிறது, அம்மா இருக்கிறார். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் சனிக்கிழமை காலை ரயிலில் போய்விடுவார்கள். விடுதியில் மிஞ்சுவது வெளிநாட்டுப் பிள்ளைகள்தான். மெஸ்ஸில் ஆள் குறைவு என்பதால் சமையலும் குறைந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நீண்ட தாழ்வாரத்தில் ஒரு சத்தமும் இருக்காது. அம்மாவைக் கூப்பிடலாம் என்றால் அங்கே நேரம் வேறு. பொங்கல், தீபாவளி, ஆயுத பூசை வந்தால் இந்த வெறுமை நான்கைந்து நாளுக்கு நீளும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரியர்கள் பலரிடம் பேசியிருக்கிறேன். பாடம் புரியாமல் திணறுவதைவிட இந்த விடுமுறை நாட்கள்தான் பிள்ளைகளை உடைக்கின்றன என்று அவர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

காந்தியடிகளின் கதை உங்களுக்குத் தெரியும். 1888-இல் லண்டனில் போய் இறங்கியபோது அவருக்கு இன்னும் 19 வயது நிறையவில்லை. ராத்திரிகளில் ஊரையும் தாயையும் நினைத்து அழுததாக அவரே எழுதியிருக்கிறார். பார்க்க வந்த டாக்டர் பிராண்ஜீவன் மேத்தாவின் பட்டுத் தொப்பியை விளையாட்டாகத் தடவி, அதன் மயிரைக் கலைத்துவிட்டார். பிறர் பொருளைத் தொடக்கூடாது, சத்தமாகப் பேசக்கூடாது என்று மேத்தா பக்குவமாகச் சொல்லிக்கொடுத்தார். அதைவிடப் பெரிய உதவி ஒன்றும் செய்தார். ஹோட்டலில் இருந்தால் இந்த நாட்டைக் கற்க முடியாது, ஒரு குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, இடம் பார்த்துக் கொண்டுபோய் விட்டார். அந்த வீட்டுச் சாப்பாடு உப்புச் சப்பில்லாமல் இருந்தது. மரக்கறி மட்டுமே சாப்பிடும் பையன் அரைப்பட்டினி கிடந்தான். ஆனாலும் அந்த வீட்டுப் பெண்பிள்ளைகள் இன்னொரு துண்டு ரொட்டி எடுத்துக்கொள் என்று வற்புறுத்தியதை, பல பத்தாண்டுகள் கழித்துச் சுயசரிதை எழுதும்போதும் அவர் மறக்கவில்லை.

நம் பக்கத்திலேயே இதற்கு நல்ல முன்மாதிரி மதுரை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகமும், அங்குள்ள சிறிய கல்லூரிகள் சில சேர்ந்து நடத்திய 'சவுத் இந்தியா டெர்ம் அப்ராட்' திட்டமும் தங்கள் மாணவர்களை மதுரைக்கு அனுப்பி வைத்தன. அப்படி வந்த பிள்ளைகள் மதுரைக் குடும்பங்களோடு தங்கினார்கள். காலையில் தமிழ் வகுப்பு. மாலையில் வீட்டு அம்மாவோடு காய்கறிக் கடை, கோயில், உறவுக்காரர் கல்யாணம். பாடப் புத்தகத் தமிழை வகுப்பில் படித்தவர்கள், புழங்கு தமிழை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பருவம் முடிந்து போன பிறகும் அக்கா, அம்மா என்று போனில் அழைக்கும் உறவுகள் அப்படி உண்டாயின. மதுரைக்கு முடிந்தது நமக்கும் முடியும்.

மதுரை கோயில் நகரம், பார்க்க ஆயிரம் இருக்கிறது, புகைபோக்கியும் கண்டெய்னர் லாரியுமாக இருக்கும் நம் ஊரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். கும்மிடிப்பூண்டியைப் போல வெளியூர்க்காரர்களோடு வாழப் பழகிய ஊர் தமிழ்நாட்டில் எத்தனை இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளிலும் கம்பி ஆலைகளிலும் வேலை செய்ய ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த இளைஞர்களுக்கு இந்த ஊர் லைன் வீடு கொடுத்தது. மளிகைக்கடைக்காரர்கள் கடுகு எண்ணெயை முன்வரிசையில் எடுத்து வைத்தார்கள், இந்தியில் போர்டு எழுதினார்கள். தேர்வாய்கண்டிகையில் மிஷ்லின் ஆலை வந்தபோது பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்தோம். எல்லையைத் தாண்டி ஸ்ரீசிட்டிக்குப் போனால் ஜப்பானியப் பொறியாளர்கள் இருக்கிறார்கள், ஐ.ஐ.ஐ.டி.யும் க்ரியா பல்கலைக்கழகமும் இருக்கின்றன. கிழக்கே பழவேற்காட்டில் 1600-களிலேயே டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிக் குடியிருந்தார்கள். அவர்களுடைய கல்லறைகள் இன்றும் அங்கே இருக்கின்றன. வெளியூர் முகம் நமக்குப் புதிதல்ல.

இன்னொன்றும் இருக்கிறது. பரிமாற்றத் திட்டம் எதிலும் சேராமல், ஆவணத்தில் மட்டும் வெளிநாட்டுப் பிள்ளைகளாக இருப்பவர்கள் நம் நடுவிலேயே வளர்ந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழர் முகாம்களில் பெரியவற்றில் ஒன்று கும்மிடிப்பூண்டியில்தான் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. அங்கே பிறந்த பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள். 1991-க்குப் பிறகு கல்லூரிக் கதவுகள் அவர்களுக்கு அடைபட்ட காலம் ஒன்று இருந்தது. அந்த நாட்களில் மனு எழுதிக்கொடுத்த ஆசிரியர்களும், 1984-இல் சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தின் தொண்டர்களும், பட்டம் வாங்கிவிட்டு அடுத்த பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்த முகாம் இளைஞர்களும்தான் அவர்களைக் கைதூக்கி விட்டார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு அந்த முகாம்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றி, கல்வி உதவித்தொகையையும் உயர்த்தியது. சட்டம் இன்னும் அவர்களை முழுதாக ஏற்கவில்லை. ஆனால் யார் வீட்டுப் பிள்ளை கல்லூரிக்குப் போகிறது என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பிள்ளைகள் படித்து முன்னேற அது எவ்வளவு உதவியது என்பதை முகாமில் பழகியவர்கள் அறிவார்கள்.

கடல் தாண்டி வந்தவர்களை நம் பல்கலைக்கழகங்கள் அறிந்தது நேற்று இன்றல்ல. 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் சி.வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை என்ற இருவர். இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். தாமோதரம்பிள்ளை சென்னைக்கு வந்ததே, யாழ்ப்பாணத்தில் அவரை அறிந்திருந்த பீட்டர் பெர்சிவல் பாதிரியார் தம்முடைய 'தினவர்த்தமானி' பத்திரிகைக்கு ஆசிரியராக அழைத்ததால்தான். போகும் ஊரில் தம்மை அறிந்தவர் ஒருவர் இருந்தார். அந்த நம்பிக்கையில் கப்பலேறி வந்தவர் பின்னாளில் கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் அச்சில் ஏற்றித் தந்தார்.

இனி வீட்டுக்கு வருவோம். நான் உங்களிடம் கேட்கும் உதவி இதுதான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளிநாட்டுப் பிள்ளை ஒன்றுக்கு உங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு போடுங்கள். ஒருவராக வரக் கூச்சப்பட்டால் இருவராக வரட்டும். தடபுடல் விருந்து வேண்டாம். நீங்கள் சாப்பிடுவதையே அவர்களும் சாப்பிடட்டும். சாப்பிட்டுவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு கேரம் ஆடட்டும், தூங்கினாலும் தூங்கட்டும். உங்கள் போன் நம்பர் அவர்களிடம் இருக்கட்டும், அவர்கள் நம்பர் உங்களிடம் இருக்கட்டும்.

போன் நம்பர் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் ஆவடியும் புழலும் பொன்னேரிப் பக்கமும் எப்படிக் கிடந்தன என்று உங்களுக்கு நினைவிருக்கும். மின்சாரம் இல்லை, போன் சிக்னல் இல்லை, பால் இல்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த நமக்கே கலக்கமாக இருந்தது. வடகிழக்குப் பருவமழை என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்? ஐப்பசி, கார்த்திகையில் டெங்குக் காய்ச்சல் வேறு. காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரி, 108-ஐக் கூப்பிட்டால் என்ன சொல்ல வேண்டும், எந்தச் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் கல்லூரி தரும் கையேட்டில் இருக்காது. பக்கத்தில் குடியிருக்கும் ஒரு அண்ணனுக்கோ அக்காவுக்கோதான் தெரியும்.

என்ன சமைப்பது என்று கவலை வேண்டாம். என்ன சாப்பிட மாட்டாய் என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பலர் ஹலால் பார்ப்பார்கள். நேபாளத்துப் பிள்ளைகள் சிலர் மாட்டிறைச்சி தொட மாட்டார்கள். முதல் நாள் காரத்தைப் பாதியாகக் குறையுங்கள். எத்தியோப்பிய மாணவி ஒருத்தி, எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் புளித்த மாவுத் தோசையை வாயில் வைத்ததும் நிறுத்திவிட்டாள். பிடிக்கவில்லையோ என்று வீட்டுக்காரர்கள் பதறினார்கள். அவள் ஊரில் டெஃப் என்ற தானியத்தை அரைத்துப் புளிக்கவைத்து இஞ்செரா என்று பெரிய வட்டமாக ஊற்றுவார்களாம். அந்தப் புளிப்பு இதிலும் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இன்னும் மூன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

நிறம் பற்றியும் பேசியாக வேண்டும். பேசாமல் விட்டால் இந்தப் பக்கம் எழுதியதற்கே பொருள் இல்லை. ஆப்பிரிக்கப் பிள்ளைகளைத் தெருவில் உற்றுப் பார்ப்பது, கேட்காமல் போட்டோ எடுப்பது, முடியைத் தொட்டுப் பார்ப்பது, அவர்கள் காதுபடக் கேலிப் பெயர் சொல்வது, இவையெல்லாம் நம் ஊரில் நடக்கின்றன. ரயிலில் அவர்களுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் நம் ஆட்கள் உட்காராமல் நிற்கிறார்கள். வாடகைக்கு வீடு உண்டு என்று போனில் சொன்னவர் நேரில் பார்த்ததும் இல்லை என்கிறார். 2016 ஜனவரியில் பெங்களூரில், யாரோ செய்த விபத்துக்காகத் தான்சானிய மாணவி ஒருவரைக் கூட்டம் தாக்கியது. 2017-இல் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களைத் தாக்கினார்கள். அப்படியொரு கொடுமை நம் மண்ணில் நடக்கவே கூடாது. அறியாத முகத்தின் மேல்தான் கூட்டத்தின் கை எளிதில் ஓங்கும். அந்தப் பையன் நம்ம வீட்டுக்கு வந்து போகிறவன் என்று தெருவில் நான்கு பேர் சொல்லக்கூடிய நிலை இருந்தால், அந்தத் தெருவில் அவன் பயமில்லாமல் நடக்கலாம்.

வாடகை வீடு பற்றி ஒரு விளக்கம். பலர் மறுப்பது வெறுப்பினால் அல்ல, போலீஸ் விவகாரம் ஆகிவிடுமோ என்ற பயத்தினால்தான். வெளிநாட்டினரைத் தங்க வைப்பவர்கள் 24 மணி நேரத்துக்குள் உரிய படிவத்தில் தகவல் தர வேண்டும் என்பது சட்டம். இதை இணையத்திலேயே செய்யலாம். வீட்டுக்காரர் ஒரு முறை தம்மைப் பதிவு செய்துகொண்டால் போதும், பிறகு தங்க வருபவரின் பாஸ்போர்ட், விசா விவரங்களை நிரப்ப வேண்டியதுதான். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டமும் தங்குமிடம் தருபவர்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் இந்தக் கடமையை விதிக்கிறது. ஒழுங்காகத் தகவல் கொடுத்தவருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. கொடுக்காமல் ரகசியமாகத் தங்க வைத்தால்தான் வம்பு, அந்த வம்பு பிள்ளையின் விசாவையும் பாதிக்கும். பகலில் வந்து சாப்பிட்டுப் போவதற்கு இந்தப் படிவம் எதுவும் தேவையில்லை. இரவு தங்க வைப்பதானால் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள், விடுதியிலும் அனுமதி வாங்கச் சொல்லுங்கள்.

தொழிற்சாலை நடத்தும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. இரக்கப்பட்டு, ஷிப்டுக்கு வா, கூலி தருகிறேன் என்று எந்த மாணவரையும் கூப்பிட்டுவிடாதீர்கள். மாணவர் விசாவில் வந்தவர் சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது. தெரியாமல் செய்தாலும் அவருடைய படிப்பு பாதியில் நின்றுபோகலாம். உலையைக் காட்டுங்கள், ஓடும் எந்திரத்தைக் காட்டுங்கள், கூட நின்று விளக்கிச் சொல்லுங்கள். எந்திரவியல் படிக்கும் பையன், பழுக்கக் காய்ந்த இரும்புக் கட்டி உருளைகளுக்குள் நுழைந்து மறுபக்கம் கம்பியாக நீண்டு வருவதை ஒரு தரம் பார்த்தால், வகுப்பில் கேட்ட பாடம் அவனுக்குப் பிடிபட்டுவிடும். காலணி, தலைக்கவசம், கண்ணாடி மட்டும் நம் ஆட்களுக்குக் கொடுப்பதுபோலவே அவர்களுக்கும் கொடுங்கள்.

பெண்பிள்ளைகளை அழைக்கும் வீடுகளில் ஒரு பெண்மணியே போன் செய்து பேசுவது நல்லது. ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வரவும், இருட்டுவதற்கு முன் கொண்டுபோய் விடவும் ஆள் இருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் ஒரு மின்சார ரயிலைத் தவறவிட்டால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். மதம், சம்பாத்தியம், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை போன்ற கேள்விகளை முதல் நாளிலேயே கேட்காதீர்கள். அவர்கள் ஊரில் போர் நடந்துகொண்டிருந்தால் அதைப் பற்றி நீங்களாக எடுக்க வேண்டாம். சூடானிலிருந்து வந்த பிள்ளைக்கு, வீட்டிலிருந்து பல நாள் தகவலே இல்லாமல் இருக்கலாம். சொல்ல வேண்டும் என்று தோன்றும்போது அவர்களே சொல்வார்கள். நாம் காது கொடுத்தால் போதும்.

விருப்பமுள்ளவர்கள் நம் இதழுக்கு ஒரு கடிதம் போடுங்கள். எந்த ஊர், ரயில் நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம், வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், சைவமா அசைவமா, எந்த ஞாயிறு தோதுப்படும் என்று எழுதுங்கள். ஆங்கிலம் பேசத் தெரிய வேண்டிய அவசியமில்லை. வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒன்று இருந்தால் அதுவே மொழிபெயர்த்துவிடும். வரும் கடிதங்களைத் தொகுத்து மாவட்டத்திலுள்ள கல்லூரிகளின் வெளிநாட்டு மாணவர் பொறுப்பாளர்களிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். எந்தப் பிள்ளை எந்த வீட்டுக்கு என்பதை, பிள்ளையின் சம்மதத்தோடு, அவர்கள் முடிவு செய்யட்டும். அது அவர்கள் பொறுப்பில் இருப்பதுதான் இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

கடிதங்கள் ஆவணி முடிவதற்குள் எங்களுக்கு வந்து சேர்ந்தால் நல்லது. ஆயுத பூசை விடுமுறைக்கு விடுதிகள் காலியாகிவிடும். அதற்கு முன் முதல் பட்டியல் கல்லூரிகளின் கையில் இருக்க வேண்டும். ஆயுத பூசை அன்று சிப்காட்டில் எந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுக்கும் கம்பெனிகள் விருந்தினரை அழைப்பதானால் அதையும் தனியாக எழுதுங்கள். எத்தனை பேர் வரலாம், வாசலில் யாரைக் கேட்டு வர வேண்டும் என்ற விவரமும் அதில் இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்